தொண்டும் கூலியும்

கதையையும் கவிதையையும் நாவலையும் எடைபோட்டுப் பார்க்கும் நாம், தொண்டு ஸ்தாபனங்களின் ஆண்டறிக்கைகளை விமரிசனத்துக்குரிய எழுத்தாகக் கருதியதில்லை. வழுவழுப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சாகி, அலுவலக அலுமாரிகளில் உறங்கும் அவற்றுக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். உறவு இருக்கிறது. தோட்டத் தொழிலாளியைப் பற்றி ஒரு நல்ல நாவல் வருவதற்கு நாம் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அறிக்கையோ ஆண்டு தவறாமல் வெளிவருகிறது. பணம் கொடுப்போன் படிப்பதும் இதனையே. கொள்கை வகுப்போன் புரட்டிப் பார்ப்பதும் இதனையே. மனிதரைப் பற்றி வெளியுலகம் கொள்ளும் கருத்தை உருவாக்குகின்ற எந்த எழுத்தும் விமரிசனத்துக்கு விலக்கானதன்று.

இவ்வறிக்கைகளைப் படிப்போர் முதலில் கவனிக்க வேண்டியது அவற்றின் இலக்கணத்தை. ‘பயிற்சிப் பட்டறை நடத்தப்பட்டது’; ‘தாய்மார்க்கு விழிப்புணர்வு ஊட்டப்பட்டது’; ‘பிறப்புச் சான்றிதழ்கள் பெற்றுக்கொடுக்கப்பட்டன’. பக்கத்துக்குப் பக்கம் செயப்பாட்டு வினை. நடத்தியவர் யார்? ஊட்டியவர் யார்? பெற்றுக்கொடுத்தவர் யார்? நமது பாடசாலை மாணவன் ஒருவன் கட்டுரைப் பயிற்சியில் இவ்விதம் எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘யார்?’ என்று ஓரத்தில் எழுதுவார். அறிக்கையைத் திருத்துவோர் இல்லை. பணம் தந்தவரின் பெயர் முதற் பக்கத்தில் இருக்கிறது. பணிப்பாளரின் படம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. உதவி பெற்றவர் ‘பயனாளி’ என்ற பெயரில் எண்ணிக்கையாகவேனும் இருக்கிறார். மலையேறி வேலையைச் செய்து முடித்தவர் மட்டும் எங்கும் இல்லை.

அறிக்கையின் பிற்பகுதியிலுள்ள கணக்கை எடுத்துப் பார்த்தாலும் அதே கதைதான். அங்கே அவருடைய உழைப்பு ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பின் கீழ், கடதாசிக்கும் எரிபொருளுக்கும் தொலைபேசிக் கட்டணத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. வாக்கியத்தில் எழுவாய் இல்லாமற் போனதும் கணக்கில் கூலி சுருங்கிப் போனதும் இரு வேறு விபத்துகள் அல்ல. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அந்த வேரைச் சப்ரகமுவ தோட்டங்களில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சப்ரகமுவவை ஏன் தேர்ந்துகொண்டோம்? மலையகம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவன அட்டனும் தலவாக்கலையும் நுவரெலியாவும்தாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் நம் எழுத்திலும் ஓரத்தில்தான் நிற்கின்றன. இங்கே தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கின்றன. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய என்று விரியும் இந்நிலத்தில், தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள் அமைந்திருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்கின்றனர். நுவரெலியா மாவட்டத்தைப் போல வாக்குப் பலமாகத் திரள இவர்களால் இயலாது. 1977, 1981, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளின் வன்செயல்களிலும் இப்பகுதித் தோட்டங்கள் அடிபட்டன. லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. எஞ்சியோரிடம் அரசியற் கட்சி வருவது குறைவு. தொண்டு ஸ்தாபனங்களுங்கூடப் பெரும்பாலும் கண்டியிலும் அட்டனிலும் கொழும்பிலும் இருந்துகொண்டே இங்கே கை நீட்டுகின்றன. நெருக்கடி வரும்போது அந்தக் கைதான் முதலில் மடங்குகிறது.

இங்கே பணிபுரியும் கள ஊழியர் எத்தகையவர் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலும் அவர் ஒரு பெண். லயத்தில் பிறந்து, எப்படியோ உயர்தரம் வரை படித்தவர். தமிழில் வளர்ந்து, பக்கத்துக் கிராமத்தோடு பழகிச் சிங்களமும் கற்றவர். பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் மட்டும் நீட்டப்படும் படிவத்தை நிரப்புவது, பதிவு இல்லாத பிள்ளையின் பிறப்பைப் பதிவிக்க அலைவது, அடையாள அட்டை இல்லாத கிழவரைக் கைபிடித்துக் கூட்டிச் செல்வது, பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போகவிருந்த பையனின் தாயோடு மணிக்கணக்காகப் பேசுவது, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் சிக்கியவளுக்குப் பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பது, பிள்ளைமடுவத்தில் எடை குறைந்த குழந்தையைக் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்புவது ஆகிய யாவும் அவர் வேலை. இவற்றில் ஒன்றேனும் பட்டறையில் நடப்பதன்று. ஒன்றேனும் ஒரு நாளில் முடிவதுமன்று. இத்தனைக்கும் மூலதனம் ஒன்றே: அவர் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை திரள்வதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்கின்றன.

இவ்வளவையும் ஒரு தொண்டு ஸ்தாபனம் ஏன் செய்ய வேண்டும்? அரசு எங்கே போயிற்று? இக்கேள்விக்கு வரலாறுதான் விடை சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சிய பிரச்சினை சட்டத்தில் முடிவதற்கு 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. வாக்கில்லாத மனிதனுக்குப் பாதை போடும் அரசு உலகில் எங்கும் இருந்ததில்லை. வாக்கு வந்த பின்னரும் இன்னொரு சுவர் நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தனியார் நிலமாகிய தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட இயலாது என்று பொருள்கொள்ளப்பட்டது. வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, வாக்களித்தவன் வாசலுக்கு ஒரு விளக்குப் போட முடியாது. இச்சட்டம் திருத்தப்பட்டது 2018இல். ஆகவே தொண்டு ஸ்தாபனம் தோட்டத்துக்குள் வந்தது யாருடைய தாராள மனத்தினாலும் மட்டுமன்று. அரசு விட்டுவைத்த வெற்றிடம் அதனை உள்ளே இழுத்தது. 1972இல் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கியதும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததும் ஒரே காலத்துச் செய்திகள் என்பதை நாம் மறக்கலாகாது.

வெற்றிடத்தை நிரப்ப வந்த பணம் எத்தகையது? இங்கேதான் நோயின் இருப்பிடம். பணம் ‘திட்டம்’ என்ற உருவில் வருகிறது. திட்டத்துக்கு ஆயுள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. சட்டியும் பானையும் வாங்கலாம், பதாகை அடிக்கலாம், மண்டபம் எடுத்துச் சாப்பாடு போடலாம். வேலை செய்யும் மனிதருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் வீண்செலவாகக் கருதப்படுகிறது. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், தொண்டு ஸ்தாபனங்களைப் பற்றி எழுதிய கட்டுரையொன்றில் இதற்குப் ‘பட்டினிச் சுழல்’ என்று பெயர் வைத்தார்கள். பணம் தருவோன் நிர்வாகச் செலவு குறைய வேண்டுமென்கிறான். ஸ்தாபனம் அதனைக் குறைத்துக் காட்டுகிறது. காட்டியதை உண்மையென நம்பி அடுத்த முறை அவன் இன்னும் குறைக்கிறான். பணக்கார நாட்டின் பெரும் ஸ்தாபனங்களே இச்சுழலில் மெலிந்தன என்றால், எட்டியாந்தோட்டையில் ஒரு வாடகை அறையில் இயங்கும் சங்கத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அண்டை நாட்டில் இதுவே சட்டமாகிவிட்டது. 2020இல் இந்தியா, வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய பங்கை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக வெட்டியது. அங்கே சிறு சங்கங்களில் உழைக்கும் தமிழருக்கும் இதே கத்திதான்.

நமது நாட்டிலும் அரசின் பார்வை அன்பானதன்று. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இவற்றைப் பதிவு செய்யவும் கண்காணிக்கவும் எழுந்தது, வளர்க்க எழுந்ததன்று. 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற ஸ்தாபனம் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாக எண்ணி வரி கேட்கிறது. இலாபமே இல்லாத இடத்தில் இலாபத்தைக் கற்பனை செய்துகொள்ளும் இந்தத் திறமை நமது கதாசிரியர்களுக்குக்கூட வாய்த்ததில்லை.

இனி, பணம் எப்போது வருகிறது என்று பார்ப்போம். 2016 மே மாதத்துப் பெருமழையில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போயிற்று. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மிதந்தது. அப்போதெல்லாம் பாயும் போர்வையும் அரிசியும் லொறி லொறியாக வந்தன. கொடுத்த கைகளுக்கு நன்றி. ஆனால் எந்த லயத்தில் எத்தனை பேர், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் என்று தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் அந்த லொறி எங்கே நிற்கும்? அத்தகையவரை மழை இல்லாத மாதங்களில் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை. மண் காய்ந்ததும் பணமும் காய்ந்துவிடுகிறது.

அனர்த்தம் இல்லாத காலத்தில் பணம் வேறு காரணங்களால் நின்றுபோகிறது. 2019இல் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் ஏற்றி வைத்தது. அடுத்த ஆண்டே கீழே இறக்கியது. ஏறிய அதே 2019இல் எடுத்த அரசாங்கக் கணக்கின்படி நாடு முழுவதிலும் வறியவர் 14.3 சதவீதம், தோட்டத்துறையிலோ 33.8 சதவீதம். நாட்டின் சராசரி லயத்தின் கூரைக்கு மேலால் பறந்து போயிற்று. 2022இல் பொருளாதாரம் சரிந்தது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் விலையேற்றம் 70 சதவீதத்தை நெருங்கியது. டொலரில் வந்த பணம் ரூபாவிற் பெருத்தது. ரூபாவில் எழுதப்பட்ட ஊழியரின் கொடுப்பனவு தானாகப் பெருக்கவில்லை. வித்தியாசம் எந்தத் தலைப்பிற் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு ஸ்தாபனத்தையும் கேட்பது நியாயமான கேள்வியே. 2025 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஒரு கட்டளையில் கையெழுத்திட்டு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். அந்நாட்டின் உதவி முகவர் நிலையம் அவ்வாண்டு ஜூலை முதலாம் நாளோடு தன் பணியையே நிறுத்திக்கொண்டது. அப்பணத்தில் தொங்கிய ஸ்தாபனங்கள் உலகெங்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. வாஷிங்டனில் ஒரு பேனா அசைந்தால் மலையில் ஒரு பெண்ணின் வேலை போகுமென்றால், அந்த வேலையை எந்த அத்திவாரத்தின் மேல் கட்டியிருந்தோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

தோட்டத்தில் ஒரு சொல் வழங்குகிறது: அரைப்பேர். நாள் முழுவதும் மலையில் நின்றும், குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால், செக்ரோலில் முழுப்பேர் விழாது. பாதி நாளுக்கே சம்பளம். இன்னொரு சொல்லும் உண்டு: கைக்காசு. பேர் பதியாத வேலைக்கு அன்றன்று கையில் வைக்கும் காசு. அதற்குச் சேமலாபமும் இல்லை, சேவைக்காலமும் இல்லை. இவ்விரண்டையும் எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதும் ஸ்தாபனங்கள், தம் சொந்த ஊழியருக்குப் போடுவது என்ன பேர்? ‘சம்பளம்’ என்ற சொல்லையே அவை கவனமாக ஒதுக்கிவிடுகின்றன. ‘கொடுப்பனவு’ என்கின்றன, ‘ஊக்குவிப்புத் தொகை’ என்கின்றன, ஊழியரைத் ‘தொண்டர்’ என்கின்றன.

பெயர் மாற்றத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி வேலை கொடுப்போர் 12 சதவீதம் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம். பேச்சுக்கு மாதம் 40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், சம்பளம் ‘கொடுப்பனவு’ ஆகும்போது அப்பெண் மாதந்தோறும் 6,000 ரூபாவை, ஆண்டில் 72,000 ரூபாவை இழக்கிறார். ஐந்து ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை வழங்க வேண்டுமென்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆண்டுதோறும் அறுந்து அறுந்து முடிச்சுப் போடப்படும் ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டு எப்போது பூர்த்தியாகும்? சட்டமும் இதற்கு ஓரளவு உடந்தை. பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட தர்ம ஸ்தாபனங்களுக்குச் சேமலாப நிதியிலிருந்து விலக்கு உண்டு. பத்துப் பேரைக்கூட வைத்துக்கொள்ள இயலாத சிறு சங்கங்களே சப்ரகமுவ போன்ற இடங்களில் இயங்குகின்றன. தர்மம் செய்யும் இடத்தில் உழைப்பு உழைப்பாகாது என்ற பழைய எண்ணத்துக்குச் சட்டப் புத்தகத்திலும் ஒரு மூலை கிடைத்திருக்கிறது.

இந்நிலையில் அவர் எத்தனை காலம் நிற்பார்? இரு மொழி தெரிந்தவரை ஒரு கொழும்புக் கம்பனி அழைத்துக்கொள்கிறது, பெரிய சர்வதேச ஸ்தாபனம் அழைத்துக்கொள்கிறது, வெளிநாடு அழைத்துக்கொள்கிறது. அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கொழுந்தெடுத்தே படிக்க வைத்த தாய்க்கு அவர் பட்ட கடன் எந்தத் திட்ட முன்மொழிவிலும் எழுதப்படுவதில்லை. அவர் போனதும் புதியவர் ஒருவர் வருகிறார். மக்கள் அவரிடம் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது முறை சொல்வார்கள். மூன்றாவது முறை வாசற் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாதியில் நின்ற பிறப்புப் பதிவுக் கோப்பு ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும். அந்தப் பிள்ளை பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது வெளிப்படும்.

இதற்கு ஸ்தாபனத் தலைவர்கள் கூறும் சமாதானத்தை நாம் அறிவோம். ‘தொண்டு என்பது தியாகம்; கூலிக்குச் செய்வது தொண்டாகுமா?’ என்பார்கள். கேட்க இனிமையான வாதம். ஆனால் தியாகம் செய்யும்படி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வாகனம் விற்றவர் விலையைக் குறைக்கவில்லை; மண்டபக்காரர் வாடகையை விடவில்லை; கணக்காய்வாளர் தன் கட்டணத்தைத் தியாகம் செய்யவில்லை. லயத்திலிருந்து வந்த பெண்ணிடம் மட்டுமே தியாகம் எதிர்பார்க்கப்படுகிறது. வசதியுள்ளவன் தன் ஓய்வு நேரத்தைக் கொடுப்பது தொண்டு. வசதியற்றவளிடமிருந்து அவள் ஜீவனோபாயத்தை எடுத்துக்கொள்வது சுரண்டல். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

உழைப்பையே தானமாகக் கொடுக்கும் சிரமதானத்தைக் கொடியாகப் பிடித்து, 1958இல் ஏ. ரி. ஆரியரத்தின தொடக்கிய சர்வோதய இயக்கத்தின் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1980களில் வெளிநாட்டு நன்கொடையாளர் கூட்டமைப்பின் பணத்தால் அது பெருத்தது. 1990களில் அவர்களோடு முரண்பாடு முற்றிப் பணம் சுருங்கியபோது ஊழியரைக் குறைக்க நேர்ந்தது. நாட்டிலேயே வேர் ஆழமாகப் பாய்ந்த இயக்கத்துக்கு இது நேர்ந்ததென்றால், இலட்சியம் மட்டுமே பணத்தின் இடத்தை நிரப்பிவிடும் என்பது பகற்கனவே.

வெளிப்பணம் முழுவதும் வீண் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தோட்டப் பாடசாலைகள் அரசிடம் வந்த பிறகு, 1986இல் சுவீடனின் சீடா நிதியோடு தோட்டப் பாடசாலைகளின் கல்வியை மேம்படுத்தும் திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. திட்டங்கள் முடிந்தன, வெளிநாட்டார் வீடு திரும்பினர். ஆனால் கல்லூரி நிற்கிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் அரசாங்கச் சம்பளத்தில், ஓய்வூதிய உரிமையோடு வகுப்பறையில் நிற்கிறார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது? அந்தப் பணம் நிரந்தரமான பதவியாக மாறியது. பதவியாக மாறிய பணம் வாழ்கிறது. பட்டறையாக மாறிய பணம் தேநீர் இடைவேளையோடு முடிந்துபோகிறது.

பிற்காலத்தில் அரசே இப்பாடத்தை மறந்தது. 2015 அளவில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் இளைஞரும் யுவதிகளும் ‘ஆசிரிய உதவியாளர்’ என்ற பெயரில், மாதம் 6,000 ரூபாக் கொடுப்பனவில் நியமிக்கப்பட்டார்கள். பின்னர் அது 10,000 ஆயிற்று. வகுப்பில் அவர்கள் முழு ஆசிரியர், சம்பளத்தில் உதவியாளர். அரைப்பேர் என்பது வெள்ளைக்காரத் துரையோடு ஒழிந்துபோகவில்லை. அரசாங்க நியமனக் கடிதத்திலும் ஏறிக்கொண்டது. இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியருள் சிலர் அந்த 6,000 ரூபாவைக் கையில் வாங்கியவராகவே இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

முற்போக்காளராகிய நமது பங்கையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். நாம் நீண்ட காலம் இந்த ஸ்தாபனங்களை ‘ஏகாதிபத்தியப் பணம்’ என்ற இரண்டு சொற்களால் ஒதுக்கிவிட்டோம். பணத்தின் ஊற்றை ஆராய்வது அவசியமே. தொழிலாளியை உரிமை கேட்பவனாக விடாமல் ‘பயனாளி’ ஆக்கிவைப்பது அரசியலை மழுங்கடிக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் அப்பணத்தில் அரைக்கூலி பெறுபவளும் ஒரு தொழிலாளி என்பதை நாம் காணத் தவறினோம். தேயிலை பறித்தால் தொழிலாளி, படிவம் நிரப்பினால் ‘என்.ஜீ.ஓ.க்காரி’ என்பது எந்த வர்க்க ஆய்வு?

நமது வரலாற்றில் வேறு வழியும் இருந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தபோது அவருக்குப் பின்னால் எந்த வெளிநாட்டு நன்கொடையும் நிற்கவில்லை. தொழிலாளியின் சந்தாதான் நின்றது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்திலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டபோது பக்கத்துத் தோட்டங்களும் வேலையை நிறுத்தின; அந்த ஒற்றுமைக்கு எவரும் திட்ட முன்மொழிவு எழுதவில்லை. சந்தாவில் நடக்கும் ஸ்தாபனம் சந்தா கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நன்கொடையில் நடக்கும் ஸ்தாபனம் கொடுத்தவனை மட்டும் நோக்கி அறிக்கை எழுதுகிறது. தொழிற்சங்கங்களும் பிற்காலத்தில் சந்தாவைச் சம்பளத்திலேயே கழித்துப் பெறப் பழகி, மலையேறுவதை மறந்தன என்பது வேறொரு சோகக் கதை. எனினும் தத்துவம் பழுதானதன்று.

ஆகவே நாம் கோருவது என்ன? பணம் தருவோரிடம்: மூன்றாண்டுக்குக் குறைந்த திட்டத்தால் தோட்டத்தில் எதுவும் வேர் பிடிக்காது. கள ஊழியரின் முழுச் சம்பளமும் சேமலாபமும் ‘நிர்வாகச் செலவு’ அல்ல, அதுவே திட்டம். ஸ்தாபனங்களிடம்: கொடுப்பனவு என்ற திரையைக் கிழித்துவிட்டுச் சம்பளம் என்று எழுதுங்கள், பணிப்பாளரின் ஊதியத்தையும் கள ஊழியரின் ஊதியத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். தனித்தனியே ஊழியரை வைத்திருக்க இயலாத சிறு சங்கங்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில் அவமானம் இல்லை. அரசிடம்: 2018இல் திருத்திய சட்டம் ஏட்டில் உறங்குவதற்கல்ல, தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் மொழிபெயர்ப்பாளரும் சப்ரகமுவவின் பிரதேச செயலகங்களில் நிரந்தரப் பதவியில் அமர்த்தப்படட்டும். தொண்டர் செய்யும் வேலையில் பாதி அரசு செய்யத் தவறிய வேலையே. தொழிற்சங்கங்களிடம்: இந்த ஊழியருக்கும் சங்கம் வேண்டும்.

நம்மிடமும் ஒரு கோரிக்கை உண்டு. லயத்திலிருந்து படித்து வெளியேறி, இன்று மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் ஒரு சிறு தலைமுறையாகத் திரண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாட்கூலியைச் சந்தாவாகக் கொடுத்தால், ஒரு பிரதேசத்தில் ஒரு பெண்ணை முழுப்பேரில் வைத்திருக்கலாம். தொகை பெரிதன்று. ஆனால் அந்தப் பெண் வாஷிங்டனுக்கோ கொழும்புக்கோ அன்று, நமக்குக் கணக்குச் சொல்வார். நாமும் அவருக்குக் கணக்குச் சொல்வோம். தோட்டம் தன் பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பறிகொடுத்துக்கொண்டே இருக்கும் நிலையை மாற்ற இதைவிடக் குறைந்த விலையில் ஒரு தொடக்கம் நமக்குத் தெரியவில்லை.

இறுதியாக, இலக்கியத்துக்கு வருவோம். என். எஸ். எம். இராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற கதையில் ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைக் கதையின் நடுவில் வைத்தார். நிறை என்பது கணக்கப்பிள்ளையின் கொப்பியிலுள்ள வெறும் எண்ணன்று, ஒரு மனுஷியின் மானம் என்பதை அந்தக் கதை நமக்குக் காட்டிற்று. சி. வி. வேலுப்பிள்ளையும் கோகிலம் சுப்பையாவும் தெளிவத்தை ஜோசப்பும் லயத்து மனிதர்களுக்கு முகம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின் மலையகத்தில் புதிதாகத் தோன்றிய இந்த மனுஷி, இரு மொழி பேசி, கோப்பைத் தோளிற் சுமந்து, அரைக்கூலியில் மலையேறும் இவள், நமது கதைகளில் எங்கே இருக்கிறாள்? அறிக்கை அவளை எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குள் மறைத்தது. கதையும் அவளைக் காணாமல் விட்டால் இரண்டு எழுத்துக்கும் என்ன வேற்றுமை?

நமது ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தொண்டு ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பெற்றுக்கொடுக்கப்பட்டன’ என்று வரும் இடத்தில் வட்டமிட்டு, ‘யார்? என்ன சம்பளத்தில்?’ என்று ஓரத்தில் எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.